பன்னிரண்டு விலங்குகளில் தொடங்கலாம்: தமிழ் வீட்டில் சீனப் படக்கதை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புறப் பட்டணங்களில் தமிழ்ப் பிள்ளையைச் சீனப்பள்ளியில் சேர்ப்பது இன்று புதுமையே இல்லை. சேர்த்த கையோடு பெற்றோர் ஈப்போவுக்குப் போய் ஒரு பை நிறையச் சீனப் படக்கதைகளை வாங்கி வந்துவிடுவார்கள். அதில் பாதி, அட்டை மடங்காமல் அலமாரியிலேயே இருக்கும். பிள்ளைக்கு ஆசை இல்லாமல் இல்லை. பக்கத்தில் உட்கார வேண்டிய பெரியவருக்குத்தான் எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை. இந்தப் பதிவு அந்தப் பெரியவருக்கு. உங்களுக்குச் சீனம் ஒரு சொல்கூடத் தெரிந்திருக்க வேண்டாம். தமிழ்ப்பள்ளியா சீனப்பள்ளியா என்ற பழைய வழக்கையும் இங்கே இழுக்கப் போவதில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டே சீனம் பழகும் பிள்ளைக்கும் இதே முறைதான்.

முதல் புத்தகம் எது என்று கேட்டால் எங்கள் பதில் ஒன்றுதான்: பன்னிரண்டு விலங்குகளின் ஓட்டப்பந்தயக் கதை. வானுலகப் பேரரசர் விலங்குகளை ஆற்றைக் கடந்து வரச் சொல்கிறார். முதலில் வரும் பன்னிரண்டுக்கு ஆளுக்கொரு வருடம். எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்பது வரிசை. மாட்டின் முதுகில் ஏறி வந்த எலி, கரை வந்ததும் குதித்து முந்திக்கொள்கிறது. குதிரையின் குளம்பில் சுருண்டு வந்த பாம்பு திடீரென்று தலை நீட்ட, குதிரை மிரண்டு பின்வாங்குகிறது. பன்றி வழியில் தின்றுவிட்டுத் தூங்கிப்போகிறது. டிராகன் தவிர எல்லாம் பிள்ளைக்குத் தெரிந்த பிராணிகள், படத்தைப் பார்த்தாலே கதை நகரும். இந்தக் கதையைச் சிபாரிசு செய்ய இன்னொரு காரணமும் உண்டு. பள்ளியில் கற்பிக்கும் சீனமான மாண்டரினில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளும் மாறும், அதைத் தொனி என்பார்கள். அந்த நான்கு தொனிகளும் இந்தப் பன்னிரண்டு பெயர்களுக்குள்ளேயே இருக்கின்றன: முதல் தொனியில் சேவலும் பன்றியும், இரண்டாவதில் மாடு, டிராகன், பாம்பு, ஆடு, குரங்கு, மூன்றாவதில் எலி, புலி, குதிரை, நாய், நான்காவதில் முயல் மட்டும். தனியாக ஒரு தொனிப் பயிற்சிப் புத்தகம் வாங்கும் செலவு மிச்சம்.

வாங்கும்போது அட்டையைப் பார்க்காதீர்கள், உள்ளே ஒரு பக்கத்தைத் திறங்கள். மலேசியச் சீனப்பள்ளிகளில் சுருக்க எழுத்துதான் கற்பிக்கிறார்கள். சீனாவில் 1956இல் அறிவித்த எழுத்துச் சீர்திருத்தத்தின் வழி வந்தது அது. தைவான், ஹாங்காங் புத்தகங்கள் பழைய முழு எழுத்தில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள தூரத்தை டிராகனிலேயே பார்க்கலாம்: சுருக்க எழுத்தில் 5 கோடு, முழு எழுத்தில் 16 கோடு. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு முழு எழுத்துப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தால், பள்ளியில் எழுதும் எழுத்தும் வீட்டில் பார்க்கும் எழுத்தும் ஒட்டாது. மலிவு விற்பனையில் குவித்து வைத்திருக்கும் புத்தகங்களில் இது அடிக்கடி நடக்கிறது. கண்டுபிடிக்கச் சுலபமான அடையாளம் ஒன்று: எழுத்துக்கு வலப்பக்கத்தில் சின்னச் சின்னக் கொக்கி மாதிரி குறிகள் செங்குத்தாக இருந்தால் அது தைவான் பதிப்பு. அந்தக் குறிகள் மொத்தம் 37. நம் பள்ளிகளில் அவை இல்லை. உங்களுக்கு வேண்டியது, எழுத்துக்கு மேலே ரோமன் எழுத்தில் உச்சரிப்பும் தொனிக்குறியும் அச்சிட்ட பதிப்பு. அதைப் பின்யின் என்பார்கள், 1958இல் வந்தது.

அடுத்தது எழுத்துரு. கதைப்புத்தகம் காய்தி எனப்படும் கையெழுத்து வடிவ எழுத்துருவில் இருக்க வேண்டும். நாளிதழ் எழுத்துருவில் கோடுகளின் முனையும் வளைவும் கையால் எழுதுவதிலிருந்து மாறியிருக்கும். பிள்ளை அதைப் பார்த்து எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவார். ஒரு பக்கத்துக்கு எட்டுப் பத்து எழுத்துக்கு மேல் இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள், அது இரண்டு வருடம் கழித்து வாங்க வேண்டிய புத்தகம்.

படமும் பரீட்சைக்கு உரியதுதான். டிராகனுக்குச் சிறகு முளைத்து வாயில் நெருப்புக் கக்கினால், வரைந்தவர் மேல்நாட்டுப் பூதத்தைச் சீனக் கதைக்குள் கொண்டுவந்து விட்டிருக்கிறார் என்று பொருள். சீன டிராகனுக்குச் சிறகு கிடையாது. மான் கொம்பு, மீசை, பாம்புடல், கழுகு நகம், இவைதான் அடையாளம். அது மழையைக் கொண்டுவரும் பிராணி. பந்தயத்தில் அது ஐந்தாவதாக வந்ததற்குக் காரணமும், வழியில் ஓர் ஊருக்கு மழை பெய்வித்துவிட்டு வந்ததுதான். உடையையும் பாருங்கள். பழங்காலச் சீன அங்கியில், அணிந்தவரின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வரும். எதிரே நிற்பவர் கண்ணுக்குக் கழுத்துப் பட்டை சின்ன எழுத்து ‘ஒய்’ போலத் தெரியும். திருப்பிக் கட்டினால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. மூன்றாம் நூற்றாண்டுக் கதையில் முன்தலை மழித்து நீளப் பின்னல் போட்ட ஆண்கள் நின்றால் அதுவும் பிழைதான். அந்தப் பின்னல் 1644க்குப் பிறகு மஞ்சு ஆட்சி திணித்த வழக்கம்.

புத்தகம் வந்தாயிற்று. முதல் வாரம் சீனத்தைத் தொடவே வேண்டாம். படத்தைக் காட்டித் தமிழில் கதை சொல்லுங்கள், உங்கள் வீட்டுத் தமிழில். எலி என்ன பேசியிருக்கும், மாடு என்ன திட்டியிருக்கும் என்று இட்டுக்கட்டியே சொல்லலாம். பூனை ஏன் பன்னிரண்டில் இல்லை என்பதைப் புத்தகத்துக்குப் புத்தகம் வேறு மாதிரி சொல்வார்கள்: சிலவற்றில் எலி அதை எழுப்ப மறந்தது, சிலவற்றில் ஆற்றில் தள்ளிவிட்டது. எதைச் சொன்னாலும் தவறில்லை. ஆனால் ஒரே வீட்டில் அம்மா ஒன்றும் அப்பா ஒன்றும் சொல்லாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை நீதிமன்றம் கூட்டிவிடும். பக்கத்தைத் திருப்பும் முன்பே அடுத்து யார் வருவார் என்று பிள்ளை சொல்லத் தொடங்கினால்தான் கதை ஏறியிருக்கிறது. அதன்பின் ஒலிக்கிற சீனச் சொல், தெரிந்த படத்தின்மேல் போய் உட்காரும். கதையும் புதிது, மொழியும் புதிது என்றால் பிள்ளை இரண்டையும் கைவிட்டுவிடும்.

இரண்டாம் வாரம் காது. பல புத்தகங்களில் ஸ்கேன் செய்து கேட்கும் கட்டக் குறி இருக்கிறது. கேட்டுப் பார்த்துவிட்டே நம்புங்கள், ஹாங்காங் பதிப்பானால் கான்டனிஸ் என்ற வேறொரு சீனப் பேச்சில் வாசித்திருப்பார்கள். குறி இல்லாவிட்டால், மாண்டரின் நன்றாகப் பேசும் அக்கம்பக்கத்தாரிடம் கைப்பேசியில் பதிவு செய்து வாங்கலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு கோப்பு, கோப்பின் பெயர் பக்க எண், ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு தடவை, நடுவில் பிள்ளை திருப்பிச் சொல்ல மூன்று விநாடி மௌனம். முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் பதிவு செய்தால் பிறகு தேடித்தேடியே நேரம் போகும்.

இதில் உள்ளூர்ச் சிக்கல் இரண்டு. பேராக்கில் கடைத்தெருச் சீனம் பெரும்பாலும் கான்டனிஸ். ஹக்கா, ஹொக்கியன் பேசுகிறவர்களும் உண்டு. கடைக்காரரிடம் காது பழகிய பிள்ளைக்குப் புத்தகச் சொல் வேறாக ஒலிக்கும். சீனப் புத்தாண்டு வாழ்த்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: கான்டனிஸில் கோங் ஹேய் ஃபாட் சோய், மாண்டரினில் கோங் ஷி ஃபா சாய். காசு உறையை அங்பாவ் என்று நாம் தீபாவளிக்கும் சொல்கிறோமே, அது ஹொக்கியன், மாண்டரினில் ஹோங்பாவ். ‘இது கடைப் பேச்சு, இது பள்ளிப் பேச்சு’ என்று பிள்ளையிடம் ஒருமுறை பிரித்துச் சொல்லிவிட்டால் போதும். தமிழில் பேச்சும் எழுத்தும் வேறாக இருப்பது பழகிய பிள்ளைக்கு இது கடினமே இல்லை. இரண்டாவது சிக்கல், மலேசியாவில் மாண்டரின் பேசுகிறவர்கள் பலர் நாக்கை மடிக்கும் ஒலிகளை மடிக்காமலே விடுவார்கள். ‘ஷ்’ வரவேண்டிய இடத்தில் ‘ஸ்’ வரும். பேச்சில் அது குற்றமில்லை. ஆனால் பள்ளியில் பின்யின் சொல்வதெழுதுதலில் இரண்டும் வேறு வேறு எழுத்து, மதிப்பெண் அங்கே போகும். பதிவு செய்பவரிடம் ‘பள்ளியில் வாசிப்பது போல வாசியுங்கள்’ என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஒரு எச்சரிக்கை. சீன எழுத்துக்கு மேல் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதி வைக்காதீர்கள். பெற்றோர் முதலில் செய்யும் காரியமும் இதுதான், பிள்ளையின் உச்சரிப்பு கெடுவதும் இதனால்தான். மாண்டரினில் ப, த, க, ச ஒவ்வொன்றும் இரண்டு வகை: மூச்சு வெளியே வராமல் ஒன்று, மூச்சு வெடித்து வெளியேற ஒன்று. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் இருக்கிறது. நம் பன்னிரண்டு விலங்குகளிலேயே விளைவைப் பாருங்கள். முயலைத் ‘துசு’ என்று எழுதி வைத்தால், மூச்சில்லாமல் வாசிக்கும்போது அது வயிறு ஆகிவிடும். பந்தயத்தில் நான்காவதாக வந்தது ஒரு வயிறு! நாயின் பெயரை மூச்சோடு சொன்னால் வாய். சேவலை மூச்சோடு சொன்னால் ஏழு. பன்றியை மூச்சோடு சொன்னால் ‘வெளியே’ என்று பொருள். தொனியும் இந்த ஜோடிகளில் ஒன்றேதான். வேறுபடுத்துவது மூச்சு மட்டும்.

இதற்கு ஒரு சோதனை. டிஷ்யூ காகிதத்தை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, பிள்ளையின் உதட்டுக்குச் சற்று முன்னால் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். ‘பால்’ என்று தமிழில் சொன்னால் காகிதம் அசையாது. அந்த அசையாத ‘பா’தான் பின்யினில் ‘பி’ என்ற இரண்டாம் ஆங்கில எழுத்தால் வருவது. அப்பா என்பதற்கான சீனச் சொல் அதில்தான் தொடங்கும். அதையே காகிதம் துள்ளும்படி மூச்சை வெடித்துச் சொன்னால் ‘பயம்’. முயலுக்குக் காகிதம் துள்ள வேண்டும்; நாய், சேவல், பன்றி மூன்றுக்கும் காகிதம் சும்மா தொங்க வேண்டும். விசிறியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் எல்லா விலங்குக்கும் துள்ளும். மூச்சில்லாத வகை நமக்குப் பிறவியிலேயே வரும். மூச்சுள்ள வகையைத்தான் பழக வேண்டும். அதனால் பயிற்சி நேரத்தை இரண்டுக்கும் சமமாகப் பிரிக்காமல், முயலிடமே அதிக நேரம் இருங்கள்.

தமிழ் நாக்குக்குக் கிடைக்கும் இன்னொரு சலுகை ழகரம். பின்யினில் ‘ஆர்’ என்று எழுதும் ஒலி நம் ரகரம் அல்ல. நாக்கை மடித்து ழகரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஏறக்குறைய வந்துவிடும். ‘மனிதன்’ என்ற சொல்லே இதில்தான் தொடங்குகிறது. ரகரத்தை உருட்டிச் சொல்லும் பிள்ளையைத் திருத்த ‘பழம்’ என்று ஒருமுறை சொல்லச் சொன்னால் போதும்.

பின்யினை மலாய் எழுத்தாக வாசிப்பது அடுத்த தொல்லை. மலாயில் ‘சி’ என்ற மூன்றாம் எழுத்து ‘ச்ச’ ஒலி. ‘சாரி’, ‘சூச்சி’ எல்லாம் அப்படித்தான். பின்யினில் அதே எழுத்துக்கு ‘த்ஸ்’ ஒலி, மூச்சோடு. கீரை, காய்கறிக்கான சொல் அந்த எழுத்தில்தான் தொடங்கும்; மலாய்ப் பழக்கத்தில் வாசித்தால் வேறு சொல்லாகிவிடும். ‘கியூ’ என்பது மூச்சோடு வரும் ‘ச்ச’, ‘எக்ஸ்’ என்பது பல்லுக்குப் பின்னால் மெல்லிய ‘ஷி’. இந்த இரண்டுக்கும் ‘ஜே’க்கும் பிறகு வரும் ‘யூ’ எழுத்து நம் உகரமே அல்ல: வாய்க்குள் ‘ஈ’ சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிக்க வேண்டும். ‘எல்’, ‘என்’ எழுத்துகளுக்குப் பிறகு மேலே இரண்டு புள்ளி வைத்துக் காட்டுவார்கள், இங்கே புள்ளியை விட்டுவிடுவார்கள். அதனால்தான் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள்.

தொனிக்கு வருவோம். முதல் தொனி மேல் சுருதியில் ஆடாமல் நீள்வது. இரண்டாவது, ‘ஆமா?’ என்று சந்தேகமாகக் கேட்கும்போது குரல் ஏறுவது. மூன்றாவது, அடித்தொண்டையில் தாழ்ந்து கிடப்பது. நான்காவது, ‘போ!’ என்று அதட்டும்போது குரல் விழுவது. தோட்டப்புறத்தில் இதைக் கற்பிக்க ஒரு நல்ல ஜோடி இருக்கிறது. வாழைப்பழமும் ஷியாங்ஜியாவ், ரப்பரும் ஷியாங்ஜியாவ். முதல் அசையை மேலே நீட்டினால் வாழைப்பழம், அதட்டி இறக்கினால் ரப்பர். ஜன்னலுக்கு வெளியே இரண்டு மரமும் நிற்கிற வீட்டில் கையை நீட்டியே விளையாடலாம். பொதுவாகக் கெடுவது எங்கே என்றால் வாக்கியத்தின் முடிவில். குறள் ஒப்புவிக்கிற ராகத்தில் கடைசிச் சொல்லை இழுத்து ஏற்றி வாசிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. சீனத்தில் அப்படி இழுத்தால் கடைசிச் சொல் எல்லாமே இரண்டாம் தொனியாகிவிடும். ராகத்தை அடக்குங்கள், ராகம் போட்டுப் படிக்கத் தமிழ்ப் பாடம் இருக்கிறது.

அச்சில் ஒன்று, வாயில் ஒன்று என்று இரண்டு இடங்கள் இந்தக் கதையில் வரும். எலி ‘லாவ்ஷூ’, புலி ‘லாவ்ஹூ’. இரண்டிலும் இரண்டு அசைக்கும் மூன்றாம் தொனிக்குறியே அச்சிட்டிருக்கும். ஆனால் மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக ஏறிவிடும். பதிவில் ஏறி ஒலிப்பதைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தில் பிழை என்று நினைக்காதீர்கள். அதுபோல ‘ஒன்று’ என்ற சொல்லுக்கு முதல் தொனிக்குறி இருக்கும். ‘ஓர் எலி’, ‘ஒரு மாடு’ என்று விலங்கின் அளவுச்சொல்லுக்கு முன்னால் வரும்போது அது நான்காம் தொனியில் விழும். இந்தக் கதையில் வரும் அளவுச்சொற்கள் முதல், இரண்டாம், மூன்றாம் தொனியில் இருப்பதால் எல்லா இடத்திலும் நான்காம் தொனிதான்.

அளவுச்சொல் என்றால் மலேசியப் பிள்ளைக்கு விளக்கவே தேவையில்லை. மலாயில் ‘செ எக்கோர்’, ‘செ புவா’, ‘செ பாத்தாங்’ என்று பள்ளியில் படிப்பதுதான். மலாயில் எல்லா விலங்குக்கும் ‘எக்கோர்’ ஒன்றே போதும். சீனத்தில் பிரித்திருக்கிறார்கள்: எலி, புலி, முயல், குரங்கு, சேவலுக்கு ‘ஜ்ஷி’, மாட்டுக்கு ‘தோவ்’, அதாவது தலைக்கணக்கு, குதிரைக்குத் தனியாக ‘பீ’, பாம்புக்கும் டிராகனுக்கும் ‘தியாவ்’. இந்தத் தியாவ் நீளமான எல்லாவற்றுக்கும் வரும், ஆற்றுக்கும் சாலைக்கும் காற்சட்டைக்கும்கூட.

எழுத்து கடைசியில்தான். விலங்குகளின் எழுத்தில் தொடங்கினால் கோடு அதிகம். மரத்தில் தொடங்குங்கள். ஒரு குறுக்குக் கோடு, ஒரு நெடுங்கோடு, இரு பக்கமும் சரிந்து இறங்கும் இரண்டு கிளை: மொத்தம் 4 கோட்டில் மரம். இரண்டு மரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தோப்பு. மேலே ஒன்று, கீழே இரண்டாக மூன்று மரம் நின்றால் காடு. மரத்தின் இடப்பக்கம் ஒரு மனிதன் சாய்ந்து நின்றால் ஓய்வு. பால்மரத்தில் சாய்ந்து நிற்கும் ஆளைப் பார்த்திருக்கிற வீட்டில் இந்த எழுத்தை இரண்டாம் தடவை சொல்லித்தர வேண்டியிருக்காது. ஆனால் எல்லாச் சீன எழுத்தும் படம் என்று பிள்ளையை நம்பவிடாதீர்கள். பெரும்பாலானவை ஒரு பக்கம் பொருளும் மறுபக்கம் ஒலியுமாகச் சேர்ந்தவை. அம்மாவுக்கான எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. அம்மாவுக்கும் குதிரைக்கும் உறவில்லை, ‘மா’ என்ற ஒலியைக் காட்டத்தான் குதிரை அங்கே நிற்கிறது. இது பிடிபட்ட பிள்ளை புது எழுத்தைப் பார்த்தால் பாதியை ஊகிக்கும்.

எழுதும்போது மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், குறுக்குக் கோடு முதலில் நெடுங்கோடு பிறகு, பெட்டி எழுத்தானால் உள்ளே இருப்பதை எழுதிவிட்டுக் கடைசியாகக் கதவை மூடுவது. நாள் என்ற எழுத்து ஒரு பெட்டியும் நடுவில் ஒரு கோடும். பிள்ளைகள் பெட்டியை முழுதாக மூடிவிட்டுக் கோட்டைச் செருகுவார்கள். சுழித்துச் சுழித்துத் தமிழ் எழுதிய கைக்குக் கோணமாக மடக்கி எழுதுவது தயக்கமாகவே இருக்கும். நான்கு கட்டமாகப் பிரித்த சதுரக் கொப்பி எழுதுபொருள் கடையில் கிடைக்கும். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து, எழுத்துக்கு ஒரு வரி, அவ்வளவு போதும்.

கதையின் பின்னணியைச் சொல்லாமல் விட்டால் அது வெறும் விலங்குப் பட்டியல். ‘நான் எந்த விலங்கு?’ என்று பிள்ளை கேட்கும். அங்கே கவனம் வேண்டும், சீன வருடம் ஜனவரி 1இல் பிறப்பதில்லை. 2025இல் பாம்பு வருடம் ஜனவரி 29இல் வந்தது, 2026இல் குதிரை வருடம் பிப்ரவரி 17இல். 2019இல் பன்றி வருடம் பிப்ரவரி 5இல்தான் தொடங்கியது. எனவே 2019 ஜனவரியில் பிறந்த பிள்ளை பன்றி அல்ல, நாய். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் வருட அட்டவணை பல சமயம் இதைச் சொல்லாது. அவர்கள் சுற்றும் அறுபது வருடம், பன்னிரண்டு விலங்கோடு பத்து வானக்குறி சேர்ந்து வருவது. பிரபவ முதல் அட்சய வரை நமக்கும் அறுபது என்று தாத்தா பாட்டி இங்கே நுழையலாம்.

பந்தயம் வைத்த வானுலகப் பேரரசரைத்தான் ஹொக்கியன்காரர்கள் தீ கோங் என்று, சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் கரும்பு கட்டி வணங்குகிறார்கள். அவரிடம் வருடக் கடைசியில் ஒவ்வொரு வீட்டுச் சங்கதியையும் போய்ச் சொல்பவர் அடுப்படித் தெய்வம். பன்னிரண்டாம் மாதம் 23 அல்லது 24இல் அவர் கிளம்பும் முன் வாயில் ஒட்டும் இனிப்பைப் படைப்பார்கள். நல்லதாகச் சொல்லட்டும், இல்லையென்றால் வாய் திறக்காமலாவது இருக்கட்டும் என்று. அந்த இனிப்புதான் பக்கத்து வீட்டிலிருந்து நமக்கு வரும் கூய் பாக்குல். புளுட் எனும் ஒட்டரிசி மாவும் சீனியும் கலந்து, வாழை இலை சுற்றி மணிக்கணக்காக அவித்தது. இரண்டு நாள் வெளியே வைத்து இறுகிய பிறகு துண்டு போட்டு, ஒரு பக்கம் சேப்பங்கிழங்கு, ஒரு பக்கம் சக்கரைவள்ளி வைத்து மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். புதிதாக இருக்கும்போது வெட்டினால் கத்தியோடு வரும். கத்தியில் எண்ணெய் தடவுங்கள். தட்டை நடுவில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

நம் பாட்டி வடை சுடும் நிலாவில் சீனப் பிள்ளைகளுக்குத் தெரிவது மருந்து இடிக்கும் முயல். சீன நாட்காட்டியின் எட்டாம் மாதம் பௌர்ணமியன்று தங்லோங் விளக்கோடு நிலா முயல் புத்தகத்தை எடுக்கலாம்.

உறவுமுறையில் தமிழ்ப் பிள்ளைக்கு இருக்கும் சௌகரியம் ஆங்கிலம் பேசும் வீட்டுக்குக் கிடையாது. சீனக் கதையில் ‘சகோதரன்’ என்று பொதுவாக வராது. அண்ணன் ‘கேகே’, தம்பி ‘தீதி’, அக்கா ‘ஜியேஜியே’, தங்கை ‘மேய்மேய்’. பெரியப்பா ‘போபோ’, சித்தப்பா ‘ஷூஷூ’, அத்தை ‘கூகூ’, தாய்மாமன் ‘ஜியூஜியூ’. ஆங்கிலத்தில் எல்லாரும் அங்கிள், ஆண்டி. அதனால் ஆங்கில வழியாக மொழிபெயர்த்த தமிழ்ப் பதிப்பில் ஷூஷூ ‘மாமா’ ஆகியிருப்பதைப் பார்க்கலாம். சித்தப்பாவை மாமா என்றால் கதையில் முறையே மாறிப்போகும். நேராகத் தமிழில் சொல்லுங்கள். ஒத்துப்போகாத இடம் ஒன்று: சின்னம்மா பிள்ளைகள் நமக்கு உடன்பிறப்பு, அவர்களுக்கு மாமன், அத்தை பிள்ளைகளோடு சேர்ந்த ‘பியாவ்’ வகை.

இரண்டாவது புத்தகத்துக்கு யானையை எடைபோட்ட சிறுவன் கதையை எடுங்கள். கி.பி. 3ஆம் நூற்றாண்டு வரலாற்று நூலிலேயே இருக்கும் கதை. யானையைப் படகில் ஏற்றி நீர்மட்டத்தைக் குறித்து, பிறகு அதே குறி வரைக்கும் வேறு பாரம் ஏற்றி அதை எடைபோட்டுக் கூட்டச் சொன்ன சிறுவன் சாவ் சோங். வீட்டிலேயே செய்யலாம்: ஒரு பேசின், ஒரு ஐஸ்கிரீம் டப்பா, ஒரு சக்கரைவள்ளிக்கிழங்கு, கூழாங்கல். கிழங்கு நடுவில் இருக்கட்டும், சாய்ந்தால் ஒரு பக்கக் குறி மட்டும் உயரும். குறியை டேப் ஒட்டி இரண்டு பக்கமும் வையுங்கள். மார்க்கர் மை ஈரத்தில் பிடிக்காது. 20க்கு 15 செ.மீ. டப்பாவில் நீர்மட்டம் 1 மில்லிமீட்டர் மாறினால் 30 கிராம், எனவே சின்னக் கிழங்குக்கு விடை சரியாக வராது. ஒடுக்கமான டப்பா நுணுக்கமாகக் காட்டும், ஆனால் கவிழும்.

கடைப் புத்தகம் சரிப்படாவிட்டால் சொந்தமாகவே செய்துகொள்ளலாம். ஏ4 தாள் 4 எடுத்து நடுவில் மடித்தால் 16 பக்கம்: அட்டை, பேரரசரின் அழைப்பு, பன்னிரண்டு விலங்கு, பூனை, பின்அட்டை. கணக்கு அப்படியே பொருந்துகிறது. அச்சில் வெளித்தாளின் ஒரு முகத்தில் 16உம் 1உம், மறுமுகத்தில் 2உம் 15உம் வரும். அடுத்த தாளில் 14, 3, பிறகு 4, 13. புக்லெட் அச்சுத் தேர்வு இருந்தால் கணினியே அடுக்கிவிடும். சீன எழுத்து 40 புள்ளி அளவு, பின்யின் 16, தமிழ் 14. தமிழைச் சீன வரிக்கு நேர் கீழே போடாமல் பக்கத்தின் அடியில் போட்டு, தாளை மேல்நோக்கி மடித்து மூடிவிடுங்கள். கண் தமிழுக்கு ஓடினால் பிள்ளை சீனத்தைப் பார்க்காது. வோர்டில் ஃபொனெட்டிக் கைடு பின்யினைத் தானாகவே போடும். ஆனால் இரண்டு ஒலியுள்ள எழுத்துகளில் ஏமாற்றும். ‘ஜ்ஷி’ என்ற அளவுச்சொல்லின் எழுத்துக்கு ‘மட்டும்’ என்ற பொருளும் உண்டு. அளவுச்சொல்லானால் முதல் தொனி, ‘மட்டும்’ ஆனால் மூன்றாம் தொனி. பாம்பு நீளம் என்று எழுதினால் ‘நீளம்’ எழுத்துக்கு ‘வளர்தல்’ ஒலியைப் போட்டுவிடும் அபாயமும் உண்டு. கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து, சீனம் படித்த ஒருவர் வாய்விட்டு வாசித்துப் பார்த்த பிறகு கலரில் அச்சிடுங்கள். நீளக்கை ஸ்டேப்ளர் இல்லாவிட்டால், சாதா ஸ்டேப்ளரை விரித்து, மடிப்புக்கு அடியில் அழிப்பானை வைத்து அழுத்தி, பின்னை உள்பக்கமாகக் கையால் மடக்கிவிடலாம். முனை வெளியே நீட்டாதபடி கரண்டிப் பின்புறத்தால் ஒரு தேய்ப்பு.